பெறுநர்: வேடியப்பன்

இந்தப் புத்தகம் உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை
என்று மூன்றாவது தடவையாகச் சொன்னது திரை.
பர்கூர் சிப்காட், இரவு ஒன்பதே கால்.
வெளியே ஃபோர்க்லிஃப்ட்
மரச்சட்டத்தில் நிறுத்திய கருங்கற்களை
கன்டெய்னருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது.
இருபத்தாறு டன்.

அவற்றின் காகிதங்கள் என் மேசையில்.
இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்,
மரத்தில் பூச்சி இல்லை என்று ஒரு சான்றிதழ்.
சென்னைத் துறைமுகம், கொழும்பில் கப்பல் மாற்றம்,
அப்புறம் கார்க்.
கார்க் என்றால் நமக்குப் பாட்டில் மூடி.
அயர்லாந்தில் அது ஓர் ஊர்.
அங்கே சாகிறவர்களுக்கு
இங்கிருந்து கல் போகிறது.

எடையே இல்லாத ஒன்றைத்தான் நான் கேட்டேன்.
அந்த ஊர்க் கடையில் ஒரு மின்நூல்:
கல்லறைக் கற்களில் படரும் பாசி பற்றி,
நாம் பிரியாணியில் போடும் கல்பாசியின்
தூரத்துச் சொந்தங்கள்,
நூற்றுப் பதினெட்டுப் படங்கள்.
எதற்கு என்று கேட்டால்
சரியான பதில் கிடையாது.
ஆறு வருடமாக அனுப்புகிறேன்,
போன இடத்திலிருந்து ஒரு கல்லும்
சேர்ந்தேன் என்று எழுதியதில்லை.

முதல் பெயர்: கோமளா.
கடைசிப் பெயர்?
வே என்று போட்டேன். ஒற்றை எழுத்து செல்லாதாம்.
அப்பாவை முழுசாக எழுதினேன்.
வேடியப்பன்.
காட்டோரம் வில்லோடு நிற்கிற கல்லின் பெயர்,
சண்டையில் செத்து சாமியானவன்.
நாடு: இந்தியா.
திரும்பவும் அதே வரி.

கை தானாகப் போனது பில் ஆஃப் லேடிங்குக்கு.
பெறுநர் கட்டத்தில் இருந்த முகவரியை
அப்படியே தட்டினேன்,
தெரு, குடோன் எண்,
எழுத்தும் எண்ணும் கலந்த அவர்கள் பின்கோடு.
கடை உடனே நம்பிவிட்டது.
பொய்யைக்கூடப் பிழையில்லாமல் டைப் அடிக்கிறவள் நான்.

நம்பாதது வங்கிதான்.
வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டுள்ளது.
ஆப்பைத் திறந்து அந்தப் பொத்தானை வலப்பக்கம் தள்ளி,
ஓடிபிக்கு சிக்னல் தேடி
எடைமேடை வரை நடந்து,
லாரி டிரைவர் ஒருவர் என்னம்மா என்று கேட்க
ஒன்றுமில்லை என்று சொல்லி,
ஒன்பது யூரோ தொண்ணூற்றொன்பது காசு,
அதன்மேல் மாற்றுக் கட்டணம்,
கட்டணத்தின்மேல் ஜிஎஸ்டி.
ஆயிரத்து ஒன்பது ரூபாய்.
என் சம்பளத்தில் ஒன்றரை நாள்.

அன்புள்ள வேடியப்பன்,
உங்கள் நூலகத்தில் ஒரு புத்தகம் சேர்ந்தது.
இதை இரவல் தர முடியாது, விற்க முடியாது.
படிக்க மட்டும் உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டில் காட்டினேன்.
இருபத்திரண்டு வருடம் குவாரியில் டிரில் பிடித்தவர்,
பூத் சிலிப் தவிர
அவர் பெயருக்கு எதுவும் வந்ததில்லை.
"எத்தினி ரூவா ஆச்சி?"
"இருநூறு."
அன்றைக்கு இரண்டாவது பொய்.

கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
மழையில் நனைந்த கற்கள்,
யாரோ, யாரோ, பிறந்தது, இறந்தது,
எழுத்துகளின்மேல்
ஆரஞ்சும் மஞ்சளும் சுண்ணாம்பு வெள்ளையுமாய்
வட்ட வட்டத் திட்டுகள்.
ஒரு படத்தில் விரல் நின்றது.
"அங்கியும் மஞ்சா குங்குமம் வெக்கிறாங்களா?"
"இல்லப்பா. அதுவா வளருது."
"யாரும் வெக்காமயா?"
அந்தப் பக்கத்தை விட்டு அவர் நகர
வெகுநேரம் ஆனது.

கடை மறக்காமல் எழுதுகிறது, வாரா வாரம்.
நேற்று வந்தது:
வேடியப்பன், உங்கள் ஊரில் இந்த வாரம் முழுக்க மழை.
வீட்டுக்குள் இருந்து படிக்க ஏற்ற நாட்கள்.
மே மாதம். பர்கூரில் முப்பத்தொன்பது டிகிரி.
அவர் பெயருக்கு வந்ததாயிற்றே,
படித்துக் காட்டினேன்.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
வெளியே போய்
வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.